கடல் கொண்டுபோகாத உடுப்பு

நேற்று இந்தக் குழுவில் ஒரே சண்டை. சூப்பர் ஹீரோ உண்மையில் யார்? முகமூடி போட்டுப் பறப்பவனா, பகலில் வேலைக்குப் போகிறவனா?

என் வாப்பா டெய்லர். சுனாமிக்குப் பிறகு வந்த ஹஜ் பெருநாளுக்கு ஊரார் கொடுத்துத் தைத்து வைத்திருந்த உடுப்பெல்லாம் கடலோடு போய்விட்டதென்று சொன்னவர். கல்முனையில் துணி கொடுக்க வருகிறவர்களின் பகிடி இன்னும் ஓயவில்லை: "இந்த முறையும் கடல் கொண்டு போயிருமா?"

இன்று திருக்கோவிலில் இருந்து ஓர் அக்கா கடைக்கு வந்து, நீலச் சல்வார் ஒன்றை மேசையில் விரித்தார்.

"டெய்லர் நானா, அண்டைக்குச் சுனாமியில கிழிஞ்ச உடுப்போட கரையேறின எங்களுக்குக் கடை அலுமாரியத் திறந்து குடுத்தது நீங்கதானே?"

"நான் இல்ல தங்கச்சி. என்ட உடுப்பெல்லாம் கடல் கொண்டு போயிட்டு."

"கழுத்துக்குள்ள உங்கட கடைப் பேர் கிடக்கே!"

வாப்பா குனிந்து பார்த்தார்.

"கை பிரிஞ்சி கிடக்கு. என்ட பேரை வெச்சிக்கிட்டு இப்பிடியா உடுத்துத் திரியிறீங்க? தாங்க, மெஷின்ல அடிச்சுத் தாறன்."

நேற்றைய கேள்விக்கு என் பதில், மெஷினில் குனிந்திருந்த அந்த ஆள்தான். அவருடைய மகள் நான்.

அந்த நீலச் சல்வாரைத் தைக்கக் கொடுத்தவர் இதை வாசித்தால் கீழே எழுதுங்கள், மன்னிப்பை நான் கேட்கிறேன். வாப்பாவிடம் போனால் கடல் கொண்டுபோனது என்றுதான் சொல்வார்.