பெல்ட் ஓடும் திசை

போன வாரம் ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பெண் என் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "மேடம், த்ரீ-டி மாடலே இருக்கே, இந்த அம்பு எதுக்கு?" என்றாள். பதில் சொல்ல வாயெடுத்தால் மூக்குக்குள் நனைந்த பழுப்பு நிலக்கரி வாசனை வருகிறது. சுரங்கத்தில் ஷிப்டு முடிந்து வரும் அப்பாவின் சட்டையில் அந்த வாசனைதான் இருக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்பா ரிட்டயராக ஆறு மாதம் இருந்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். எனக்கோ டவுன்ஷிப் ஓரத்தில் ஒரு சின்ன டிசைன் ஆபீசில் வேலை. "மூணு மாசம் பார்ப்போம்" என்றிருந்தார் முதலாளி. நிலைத்தால் இங்கேயே வாடகை வீடு, இல்லையென்றால் சொந்த ஊரான காடாம்புலியூருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மூன்றாவது மாதம், சுரங்கத்தில் நிலக்கரி கொண்டுபோகும் பெல்ட்டுக்கு இடப்பக்க மூடி வரையச் சொன்னார்கள். உருளையில் கை சிக்காமலிருக்க, கதவு வைத்த இரும்பு மூடி. என் திரையில் பெல்ட் மேலிருந்து கீழே ஓடியது. திரையின் இடது ஓரத்தை இடது என்று எடுத்துக்கொண்டு அழகாக வரைந்தேன். அத்தனை அழகு அதற்கு வேண்டியதே இல்லை. அதைப் பார்த்துப் பட்டறையில் செய்த எட்டு மூடிகளும் வந்துவிட்டன.

மாட்டப் போன ஃபிட்டர் குமார், ஐ.டி.ஐ. முடித்த என் வயசுப் பையன், மறுநாள் ஆபீசுக்கே வந்துவிட்டான்.

"கதவு பெல்ட்டு பக்கமா தொறக்குது. எங்க நின்னுகினு வரைஞ்ச?"

"கம்ப்யூட்டர்லதான்."

சிரித்தான். "சுரங்கத்துல லெப்ட்டு ரைட்டு எல்லாம் பெல்ட்டுக்குத்தான். அது ஓடற பக்கம் பாத்து நிக்கணும்."

அப்படி நின்றால் என் திரையின் இடது, பெல்ட்டுக்கு வலது. எங்களுக்குச் சோறு போட்ட பெல்ட். அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அப்பாவிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது.

"எதிர்ப்பக்கமும் அடுத்த மாசம் மாத்தணும், இது அங்க ஆவும். ரைட்டுன்னு பேர மாத்திப் போட்டுடு. யாருக்குத் தெரியப்போவுது?" என்றான் குமார் மெதுவாக.

ஃபைலின் பெயரை மாற்ற இரண்டு விநாடி போதும். கை மவுஸ் வரை போனது, பொய் சொல்வானேன். ஆனால் அடுத்த மூடியையும் எங்கே நின்று வரைவேன் என்ற கேள்வி விடவில்லை. முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் வரைபடத்தை வாங்கிப் பார்த்தார்.

"இதுல பெல்ட் எந்தப் பக்கம் ஓடுதுன்னே இல்லையேம்மா."

"அம்பு போட்டுத் தரேன் சார்."

"போடு" என்றார், அவ்வளவுதான். அடுத்த மாதச் சம்பள ரிஜிஸ்டரில் என் பெயர் இருந்தது.

அதற்குப் பிறகு சென்னை, பெரிய திரை, மூன்று முறை மாறிய சாஃப்ட்வேர். அம்பை மட்டும் விடவில்லை.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது குமார் அந்த பெல்ட் ஓடிய இடத்தைக் காட்டினான். நிலக்கரி வெட்டி முடித்த பள்ளத்தை மண்ணால் நிரப்பி மரம் வைத்திருக்கிறார்கள். பெல்ட்டும் இல்லை, மூடிகளும் இல்லை. "லெப்ட்டு எதுன்னு சொல்லு பாப்பம்" என்றான். சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். எந்தப் பக்கம் பார்த்து நிற்பது என்றே தெரியவில்லை.