துரைசானி நக்கிய அரணை

அயர்லாந்திலிருந்து தங்கவயல் சுரங்கத்துக்கு வந்த ஒரு துரை வீட்டில் நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த காலம் அது. கொதிக்கிற கூழ் என் மகளின் காலில் கொட்டிவிட்டது. துரைசானியம்மாவிடம் சொல்லி அழுதேன்.

மறுநாள் தோட்டத்தில் அவர் ஓர் அரணையைப் பிடித்து, அதன் வயிற்றை நக்குவதைப் பார்த்தேன். அரணையின் வாய் பட்டாலே சாவு என்று கேட்டு வளர்ந்தவள் நான். "அவ சூனியக்காரி" என்று நாங்கள் குடியிருந்த கூலி லைன் முழுக்கச் சொல்லி வைத்தேன்.

அன்று சாயங்காலமே துரைசானி பட்லரோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். குனிந்து, மகளின் புண்ணருகே வாயைக் கொண்டுபோனார். நான் பிடித்துத் தள்ளிவிட்டேன். கீழே விழுந்தவர் எழுந்து போனார்.

பட்லர் மட்டும் நின்றார். "இன்னாம்மா இப்டி பண்ணிட்ட? அரணைய நக்குனவங்க நாக்கு பட்டா சுட்ட புண்ணு ஆறிடும்னு அவங்க ஊர்ல நம்பிக்கை. உன் பொண்ணுக்காகத்தான் அத்த நக்குனாங்க."

புண் தானாகவே ஆறியது. துரைசானி என்னை வேலையை விட்டு நிறுத்தவுமில்லை, கடிந்து பேசவுமில்லை. பட்லர் சொன்னதை நானும் லைனில் சொல்லிப் பார்த்தேன். யாரும் நம்பவில்லை. துரைசானி ஊர் திரும்பும்வரை, அவரைக் கண்டாலே பிள்ளைகள் ஓடி ஒளிந்தார்கள். முதலில் ஓடியவள் என் மகள்தான்.