குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம்

மத்திய அரசு வேலைக்கு மகள் விண்ணப்பிக்க, பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கமிருந்த கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனோம். தாலுகா ஆபீஸில் உட்கார்ந்து அடுத்தவர்களின் விண்ணப்பத்தில் குறை கண்டுபிடித்தே ரிட்டயர் ஆனவன் நான். அன்றைக்கு எனக்கே ஒரு கட்டம் தண்ணி காட்டியது. பெயருக்கு ஒரு கட்டம். குடும்பப் பெயருக்கு இன்னொன்று, கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்.

"இனிஷியலைப் போடும்மா" என்றேன், சென்டர் நடத்தும் பெண்ணிடம்.

"ஒத்த எழுத்தை எடுத்துக்க மாட்டேங்குது சார். நம்ம ஆளுங்க எல்லாம் அப்பா பேரைத்தான் போடுறாங்க. உங்க பேரைப் போட்டுரட்டுமா?"

போடு என்றேன், வேறென்ன செய்வது? இத்தனை கோடிப் பேர் பெயருக்குப் பின்னால் வாலில்லாமல் பிழைக்கிறோம். டெல்லியில் உட்கார்ந்து கட்டம் போட்டவருக்கு அது தெரியவே தெரியாதா என்று எரிச்சலாக வந்தது.

என் அப்பா கல்லங்குறிச்சிப் பக்கம் ஒரு பண்ணையில் கூலி வேலை பார்த்தவர். சாதியைச் சொல்லித்தான் அவரைக் கூப்பிடுவார்கள். அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது பண்ணைக்காரருக்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம். ஆனால் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் எனக்கு ஒரு எழுத்து, ஒரு பெயர். பண்ணைக்காரர் மகனுக்கும் ஒரு எழுத்து, ஒரு பெயர். வாத்தியார் வாசிக்கும்போது யார் எந்தத் தெரு என்று தெரியாது. சாதி எங்கேயும் போய்விடவில்லை, தெருவுக்குத் தெரு உட்கார்ந்திருக்கிறது. பெயரில் மட்டும் இல்லை. இந்த மாநிலம் எனக்குக் கொடுத்ததில் நான் முழுசாக நம்பி வாங்கிக்கொண்டது அது ஒன்றுதான். மாநில உரிமை பற்றி மேடையில் பேசுகிறவர்கள் பேசட்டும். எனக்கு மாநில உரிமை என்றால் அந்தப் பதிவேடு.

மகள் பரீட்சையில் தேறிவிட்டாள். சான்றிதழ் சரிபார்க்க வடக்கே வரச் சொன்னார்கள். பெரம்பலூருக்குத்தான் ரயில் கிடையாதே, அரியலூருக்குப் பஸ்ஸில் கூட்டிப்போய் ஏற்றிவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் மதியம் அங்கிருந்து போன் செய்தாள்.

"அப்பா, மார்க் ஷீட்ல இனிஷியல்தான் இருக்கு, ஃபார்ம்ல உங்க பேரு முழுசா இருக்கு. ரெண்டும் ஒரே ஆளுதானான்னு ஆபீசர் கேக்குறாரு."

"ஒண்ணுதான்னு சொல்லும்மா."

"சொல்லிட்டேன். அப்படின்னா தாசில்தார் லெட்டர் வாங்கிட்டு ஒரு வாரத்துல திரும்ப வரச் சொல்றாரு. இல்லேன்னா சாதிச் சான்றிதழ்ல இருக்குற சாதிப் பேரையே குடும்பப் பேரா எழுதிக் கையெழுத்துப் போடு, இப்பவே முடிச்சு விட்டுர்றேங்கிறாரு. இங்க நெறைய பேரு அப்படித்தான் வச்சிருக்காங்களாம்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். உதவுவதாகவே நினைத்திருப்பார். எனக்குத்தான் சலித்துவிட்டது. மறுபடி ஆபீஸ், மறுபடி லெட்டர், மறுபடி இரண்டு நாள் ரயில். இதே மாதிரி எத்தனை பேரை நான் நாளைக்கு வா, நாளைக்கு வா என்று நடக்க விட்டிருப்பேன்!

"எழுதிக் குடுத்துட்டு வந்துரும்மா" என்றேன். "வேலைதான் முக்கியம்."



"தாத்தாவ அப்படித்தானேப்பா கூப்புட்டாங்க" என்றாள். "நான் எழுத மாட்டேன். லெட்டருக்கு எழுதிக் குடுத்து வைங்க, நான் கெளம்பி வரேன்."

மறுநாள் என் பழைய ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நின்றேன். அந்த ஒரு எழுத்து நான்தான் என்று எழுதி வாங்க மூன்று நாள் அலைந்தேன். அவள் வந்தாள், லெட்டரோடு அப்படியே திரும்பிப் போனாள், வேலையும் கிடைத்தது.

அங்கே ஆபீஸில் அவளை என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்களாம். அவள் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. "பழகிருச்சுப்பா" என்கிறாள். நான் அன்றைக்குப் போனில் சொன்னதை இதுவரை அவள் ஒரு தடவை கூட எடுத்துப் பேசியதில்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.