சிவப்புக் காரின் சொந்தக்காரி

மார்ச் பதினாறாம் திகதி, சனிக்கிழமை. ஆறரைக்குப் பிளேன்டீ குடித்தேன். ஏழு மணிக்குத் தேயிலைத் தோட்டத்து ஆபிசைத் திறந்து, செக்ரோலில் அன்று வேலைக்கு வந்த ஆட்களின் பெயரைப் பதிந்தேன். பத்து மணிக்குத் தோட்டத்து மேனேஜரான துரை பங்களாவுக்குக் கூப்பிட்டார். அவர் மாற்றலாகிப் போகிறார்; அவருடைய பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்க, ஹட்டனில் ஆட்டோ ஓட்டும் ஒரு பெண் வந்திருந்தார். விற்பனைக் கடிதத்தை நான் எழுத வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் கொழுந்துக் கூடையின் கயிறு பதிந்த தழும்பு. யார் எது கேட்டாலும் முகத்தை நேராகப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

"யாருக்கு வாங்குற?" என்றார் துரை.

"எனக்குத்தாங்க."

"ரெண்டு பேருதான் போகலாம். புள்ளைங்க எங்க உட்காரும்?"

"அதுங்க பஸ்ல வரட்டும்."

"மழை பெஞ்சா காரோட மேல்துணி ஒழுகும்."

"நனையாமலா இந்த மலையில கொழுந்தெடுத்தேன்? குடுக்க மனசில்லேன்னா சொல்லிடுங்க. சாக்கு வேணாம்."

துரை என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன். கடைசியில் கையெழுத்துப் போட்டார்.

மதியம் வீட்டுக்கு நடக்கும்போது பின்னால் அந்தக் காரின் ஹோர்ன் கேட்டது. துரையின் கார் வந்தால் ரோட்டோர வடிகாலான கானுக்குள் இறங்கி நின்று வழிவிடுவது தோட்டத்துப் பழைய வழக்கம். யோசிக்காமல் இறங்கிவிட்டேன்.

கார் நின்றது. "கிளாக்கர் ஐயா, கார் எனக்குன்னு கடிதம் எழுதினதே நீங்கதான். அப்புறம் யாருக்கு எறங்குனீங்க? மேல வாங்க."

நான் ரோட்டில் ஏறி நிற்கும்வரை அவர் காரை நகர்த்தவில்லை. அவர் முகத்தில் இருந்தது சிரிப்பா, கோபமா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக, சப்பாத்தில் காய்ந்திருந்த கான் சேற்றைக் கழுவினேன்.