சங்கு ஊதியபோது நான் ஓடிய பக்கம்

பல்கலைக்கழகமும் அரசாங்க வலுசக்தி ஆய்வுகூடமும் சேர்ந்து நடத்தும் பயிற்சிக்கு என் மகள் தெரிவானபோது எங்கள் தேயிலைத் தோட்டமே சந்தோஷப்பட்டது. எனக்கு மட்டும் பயமாக இருந்தது. நோட்டன் பிரிட்ஜ் அணைக்குக் கீழே, ஆற்றில் இறங்கி நீரோட்டத்தை அளப்பதுதான் அவர்கள் வேலை.

ஒரு நாள், நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் விடுமுறை. அவளுக்குச் சோறு கட்டிக்கொண்டு போனேன். ஆற்றை நெருங்கும்போது அணையின் அபாயச் சங்கு ஊதியது. வான்கதவைத் திறந்து தண்ணீர் விடப் போகிறார்கள். மகளின் போனுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. கீழே பாறைமேல் அவளுடைய மஞ்சள் மழைக்கோட்டு கிடந்தது. ஆளைக் காணோம்.

சோற்றுப் பொதியைக் கீழே போட்டுவிட்டுப் பாறைகளில் சறுக்கி இறங்கினேன். அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். கலங்கிய தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது. அவளைக் கொண்டுபோய்விட்டது என்றே நினைத்தேன். இனி நான் இருந்து எதற்கு என்று இன்னும் ஓர் அடி வைத்தேன்.

"அம்மா! அசையாதீங்க!"

குரல் எனக்குப் பின்னால், மேட்டிலிருந்து வந்தது. கூட்டாளிகள் கயிற்றைப் பிடித்திருக்க, அதை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கி வந்தாள் என் மகள். என்னைக் கரையேற்றிய பிறகுதான் அழுதாள்.

"சங்கு ஊதினா எல்லாத்தையும் போட்டுட்டு மேல ஓடணும்னு மொத நாளே சொல்லிக் குடுத்தாங்கம்மா. நீங்க டீச்சரு, நீங்களே கீழ ஓடுறீங்க!"

"நீ கீழ இருக்கேன்னு நெனச்சேன்டி."

இந்தப் படிப்பே வேண்டாம் என்று சொல்லத்தான் அன்று போயிருந்தேன். சொல்லவில்லை. அவள் இன்னும் போகிறாள். சங்கு ஊதும்போதெல்லாம் என் கால்கள் ஆற்றுப் பக்கமே திரும்புகின்றன. அவற்றை நிறுத்தி, மேட்டைப் பார்க்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.