இரண்டு தலை முதலை

போன ஞாயிறு மியூசியத்துக்குப் போனோம். நான், மல்வேர்னில் இருக்கும் நண்பர் செல்வம், அவரோடு பக்ரரியில் வேலை செய்யும் கானா நாட்டுக்காரர் குவாமே.

செல்வத்தை வீட்டை விட்டு வெளியே இழுக்கவே இந்த ஏற்பாடு. மனுஷன் கொஞ்ச நாளாக உம்மென்று இருக்கிறார். நகரின் மறுபக்கம், சென் ஜேம்ஸ் ரவுணில் இருக்கும் அவருடைய அண்ணரின் மகளுக்கு அடுத்த கிழமை கல்யாணம். கார்ட் போஸ்ட்டில் வந்துவிட்டதாம்!

"கூடப்பிறந்தவனுக்கும் போஸ்ட்டிலையோ? வீட்டை வந்து கையில தந்தால் தேய்ஞ்சு போவினமோ? நான் போகமாட்டன்."

அண்ணருக்கு இரண்டு வேலை, கார் இல்லை, பஸ் மாறி மாறி வர வேண்டும்... சொல்லிப் பார்த்தேன். கேட்டால்தானே? எங்கள் சனம் எதையும் பொறுக்கும் – தபாலில் வந்த கல்யாணக் கார்ட்டைத் தவிர.

மியூசியத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே விரல் நீளத்தில் பித்தளை உருவங்கள். மீன், பறவை, முக்காலி... குவாமேயின் இனமான அக்கான் மக்கள் ஒருகாலத்தில் தங்கத் தூளை எடைபோட வைத்திருந்த படிக்கற்கள். நிறுப்பதற்கு எதற்கு இத்தனை அழகு?

"நிறுக்க மட்டுமல்ல" என்றார் குவாமே, ஆங்கிலத்தில். "வாயால் சொல்ல முடியாததை இதைக் கொடுத்தனுப்பிச் சொல்வார்கள். சகோதரச் சண்டை என்றால், இதோ, இந்த முதலை போகும். தலை இரண்டு. வயிறு எத்தனை, பாருங்கள்."

செல்வம் குனிந்து பார்த்தார். "ஒண்டு" என்றார்.

கீழே சீட்டில் 'பித்தளை, மேற்கு ஆபிரிக்கா' என்று மட்டும் இருந்தது. எத்தனை வீட்டுக் கோபத்தைத் தணித்ததோ... இங்கே பூட்டுக்குள் வேலையில்லாமல் கிடக்கிறது. குவாமே கண்ணாடியில் விரலை வைத்தபடி நின்றார். எனக்கு மனம் கஷ்டமாகிவிட்டது.

வெளியே வரும்போது செல்வம் அந்த முதலையின் படம் போட்ட அட்டை ஒன்றை வாங்கினார். பிறகு, குவாமேயிடம் விடைபெற்று, என்னையும் இழுத்துக்கொண்டு நேரே சென் ஜேம்ஸ் ரவுண்!

கதவைத் திறந்த அண்ணரிடம் அட்டையை நீட்டினார்.

"என்னடா உது?"

"முதலை அண்ணை. தலை ரெண்டு, வயிறு ஒண்டு."

அண்ணர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கிவிட்டது.

"நேர வரத்தான்ரா நினைச்சனான். லீவு தரமாட்டம் எண்டிட்டாங்கள்..."

உள்ளேயிருந்து அண்ணரின் மனைவியின் குரல் வந்தது:

"ரெண்டு தலையும் கையைக் கழுவிக்கொண்டு வாங்கோ. புட்டு ஆறுது!"