அடி வாங்குகிறவர் முகத்தைக் காட்டியவர்

கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்த நேரத்தில் போன் வந்தது. சென்னையில் தெய்வானையோடு பல நாடகங்களில் நடித்த நண்பர் பேசினார். "தெய்வானை போயிட்டாங்க சார்" என்றார். என் வாயில் வந்த முதல் கேள்வி, "யார் அடிச்சாங்க?" என்பதுதான். அவர் திகைத்துப்போனார். யாரும் அடிக்கவில்லை, மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை என்றார். அப்படி ஒரு அமைதியான சாவு அவருக்கு வரும் என்று நான் எதிர்பார்த்ததே இல்லை.

அவரைத் தொலைக்காட்சியில் மட்டும் பார்த்தவர்களுக்கு என் கேள்வி விநோதமாக இருக்கும். கூட வேலை செய்தவர்களுக்குப் புரியும். நான் எழுத்தாளன் இல்லை. சேலம் அம்மாபேட்டையில் தறிக்காரர் வீட்டில் பிறந்து, தறியை விட்டு இறங்கி, மைக் செட் வாடகைக்கு விட்டு, ரேடியோ ரிப்பேர் பார்த்து, டிவி விற்று ஆளானவன். நினைவு மலருக்கு எழுதித் தரச் சொன்னார்கள். சர்க்கரை தடவாமல், நான் பார்த்ததை எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் சேலத்துப் பெண்கள் கல்லூரி ஒன்றின் ஆண்டு விழாவுக்கு மைக் செட் கட்டப் போயிருந்தேன். நாடகத்தை எழுதியதும் இயக்குவதும் நடிப்பதும் ஒரே பெண் என்றார்கள். திருச்செங்கோட்டுப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வீட்டுப் பெண். மெலிந்த உடம்பு, ஆளை நிறுத்தி வேலை வாங்கும் குரல். மேடைக்கு மேலே தொங்கிய மைக்கைக் காட்டி, "ஏனுங்க செட்டுக்காரரே, கன்னத்துல அறைஞ்சா இதுல கேக்குங்களா?" என்று கேட்டார்.

"பொய்யா அறைஞ்சா கேக்காதுங்க அம்மிணி."

"அப்ப நெசமாவே அறையச் சொல்லிக்கறேன்."

புருஷன் வேஷம் போட்ட தோழி மாட்டேன் என்று அழுதாள். தெய்வானை விடவில்லை. அவளைச் சீண்டி, அவளைப் பெற்றவளைப் பழித்து, ஆத்திரம் மூட்டியே மேடைக்கு அழைத்துப் போனார். விழுந்த அறை கடைசி வரிசைவரை கேட்டது. உதடு கிழிந்து ரத்தம் தாவணியில் சொட்டியது. மிச்ச வசனத்தை ஒரு வார்த்தை விடாமல் பேசி முடித்தார். நான் வயர் சுற்றிக்கொண்டிருந்தபோது உதட்டில் ஈரத்துணியை அழுத்தியபடி வந்து, "கேட்டுச்சுங்களா?" என்றார். கேட்டது என்றேன். "அடிக்கறவன் கையத்தான் எல்லாரும் காட்டறாங்க. வாங்கறவ மூஞ்சிய ஒருத்தரும் காட்டறதில்லீங்க" என்றார். அவருடைய தொழில் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்துக்குள்தான் நடந்தது.

அந்த முகம் எங்கிருந்து வந்தது என்பதைப் பிற்பாடு அவரே சொன்னார். அவர் அப்பா கள் குடிக்கிறவர் இல்லை, சூதாடுகிறவர் இல்லை. ஊரில் நல்ல பெயர். தோட்டத்திலிருந்து வந்ததும் தோளில் கிடக்கும் துண்டை நான்காக மடித்து ஆணியில் மாட்டுவார். பிறகு ஆயில் இஞ்சினுக்குப் போடும் பழைய பெல்ட்டை எடுத்து மனைவியை அடிப்பார். அடித்து முடித்ததும் கை கழுவிக்கொண்டு சோற்றுக்கு உட்காருவார். படிப்பு முடிந்ததும் தாய்மாமன் மகனைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று தெய்வானை சொன்னபோது, அந்த பெல்ட் இவர் பக்கம் திரும்பியது. முதுகுத் தோல் உரிந்து ரவிக்கையோடு ஒட்டிப்போன நிலையில் சேலம் சூரமங்கலம் ஸ்டேஷனில் சென்னைக்கு ரயில் ஏறினார். ஊரிலிருந்து சேலத்துக்கு அவரை பஸ் ஏற்றி அனுப்பியது அவர் தாயார்தான். அதற்குண்டான அடியையும் அந்த அம்மாளே வாங்கிக்கொண்டார்.

சென்னைக்குத் தொலைக்காட்சி வந்த புதிது. சின்ன வேஷங்களில் தொடங்கி, அரைமணி நேர நாடகங்கள் எழுதினார். பிறகு இயக்கவும் விட்டார்கள். உதிரி பாகங்கள் வாங்கச் சென்னை போனபோது ஒருமுறை ஒத்திகை பார்க்க அழைத்துப் போனார். மனைவியை அடிக்கிற காட்சி. நடிகர் கண்ணை உருட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு கை ஓங்கினார். தெய்வானை நிறுத்தினார். "அண்ணா, நீங்க கோவப்படறீங்க. எங்கப்பாவுக்குக் கோவமே வராது. பல்லு வெளக்கற மாதிரி அடிப்பார். முதல்ல துண்ட மடிங்க" என்றார். அந்த மனிதர் துண்டை மடித்தார், மாட்டினார், முகத்தில் ஒன்றும் இல்லாமல் அடித்தார். இரண்டாவது முறை செய்யும்போது பாதியில் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தார். தெய்வானை தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, இதையே அப்படியே வைத்துக்கொள்ளச் சொன்னார். இரக்கமில்லாத பெண் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது உண்மை.

இதெல்லாம் அவரால் நிம்மதியாகச் செய்ய முடிந்ததற்கு ஒரே காரணம், சென்னை நிகழ்ச்சிகள் எங்கள் பக்கம் எட்டவில்லை என்பதுதான். அவர் அங்கே புருஷன் அடிப்பதையும் மாமியார் சூடு வைப்பதையும் காட்டிக்கொண்டிருந்தபோது, திருச்செங்கோட்டில் அவர் மெட்ராஸில் ஏதோ ஆபீஸில் வேலை பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எண்பதுகளின் பின்பாதியில் எங்கள் ஊர்களிலும் சென்னை ஒளிபரப்பு தெளிவாக விழ ஆரம்பித்தது. நான் ஆன்டெனாவும் பெட்டியுமாக ஊர் ஊராக விற்றேன். தெய்வானையின் அப்பா அதற்குள் இறந்துவிட்டார். தம்பி சென்னியப்பன் போர் போடும் ரிக் வண்டி வைத்து வடக்கே ஓட்டிச் சம்பாதித்து, ஊரிலேயே பெரிய பெட்டியாக என் கடையில் வாங்கிப்போனான்.

அந்த வருஷம்தான் தெய்வானை 'துலுக்கு' எடுத்தார். எங்கள் பக்கம் கோயிலில் கிடா வெட்டுவதற்கு முன் அதன் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். கிடா உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். அதற்குத் துலுக்குவது என்று பேர். துலுக்கினால் சாமி சம்மதித்துவிட்டது, வெட்டலாம். நாடகத்தில், மாப்பிள்ளை பிடிக்கவில்லை என்று சொன்ன பெண்ணைக் குலதெய்வக் கோயிலுக்கு இழுத்து வருகிறார்கள். கிடா துலுக்கவில்லை. பொறுமை இழந்த அப்பன் சொம்புத் தண்ணீரைப் பக்கத்தில் நிற்கும் மகள் தலையில் கொட்டுகிறான். மார்கழிக் குளிர். அவள் நடுங்குகிறாள். "துலுக்கிருச்சு" என்று கூட்டம் குலவை போடுகிறது. அந்தப் பெண்ணாக நடித்தவர் தெய்வானை. கடைசி ஒரு நிமிடம் அவர் முகம் மட்டும்தான். அப்பனாக வந்தவர் சொம்பை எடுப்பதற்கு முன்னால் துண்டை நான்காக மடித்தார்.

சென்னியப்பன் வீட்டு வாசலில் பெட்டியைத் தூக்கி வைத்து ஊரே பார்த்த மாலை அது. தெய்வானை முகம் தெரிந்ததும் பெண்கள் சந்தோஷமாகக் கூவினார்களாம். துண்டை மடித்ததும் சத்தம் அடங்கிவிட்டதாம். அந்தத் துண்டு யாருடையது என்று தெரியாதவர் அந்த வாசலில் இல்லை. சென்னியப்பனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் வீட்டாரும் அதே நாடகத்தைப் பார்த்திருந்தார்கள்.

தாயார் வரச் சொன்னதால் தம்பி கல்யாணத்துக்காக தெய்வானை சேலத்தில் வந்து இறங்கினார். பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் என் கடைக்கு வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். யார் போய்ச் சொன்னார்களோ, ரிக் ஆட்கள் இரண்டு பேரோடு சென்னியப்பன் உள்ளே வந்தான். கையில் இரும்பு ராடு. முதல் அடி கண்ணாடி அலமாரி. அடுத்து வரிசையாகப் பெட்டிகள். பிக்சர் டியூப் உடைகிற சத்தம் கேட்டவர்களுக்குத் தெரியும், வெடி வைத்ததுபோல இருக்கும். என் கடை ஆட்கள் மேஜைக்கு அடியில் போய்விட்டார்கள். நான் குறுக்கே போனேன், நெஞ்சில் ஒரு உதை, சுவரில் மோதி உட்கார்ந்தேன். "செத்த அப்பன சந்தி சிரிக்க வெச்சுட்டியேடி" என்று அவன் ராடை ஓங்கினான். தலையைக் காக்க தெய்வானை வலது கையைத் தூக்கினார். எலும்பு முறிந்த சத்தம் அந்தக் கண்ணாடிச் சத்தத்துக்கு நடுவிலும் தனியாகக் கேட்டது.

இனிமேல் பெட்டியில் மூஞ்சி காட்ட மாட்டேன், வீட்டுச் சங்கதி எழுத மாட்டேன் என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்தால்தான் கல்யாணத்துக்குள் கால் வைக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனான். மாவுக்கட்டுப் போட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவரிடம், போலீசுக்குப் போகலாம் என்றேன். வேண்டாம் என்றார். "கேசுன்னா எல்லாரும் அவன் கைய பத்திப் பேசுவாங்க. எனக்கு அது வேண்டாங்க" என்றார்.

அவனே இரண்டாம் நாள் திரும்பி வந்தான், ராடு இல்லாமல். அவன் தாயார்தான் காரணம். காலமெல்லாம் அடி வாங்கி வாய் திறக்காத அந்த அம்மாள், "அவ இணைச்சீர் செய்யாம நான் மண்டபத்துப் படி ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். இணைச்சீர் தோட்டத்துக்காரர் கல்யாணத்தில் தாலிக்கு முன் நடக்கும் சீர். மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் செய்ய வேண்டியது. கூறைச்சேலையைக் கொசுவி மடித்து ஒரு முனையை மாப்பிள்ளையின் வலது கக்கத்தில் இடுக்கக் கொடுத்து, மறுமுனையைத் தன் கையில் பிடித்துக்கொண்டு நிற்பாள். சீர் முடிகிறவரை கக்கத்துச் சேலை நழுவக்கூடாது. நழுவினால் அந்தக் குடும்பம் விளங்காது என்பார்கள். சீர் செய், சத்தியம் அப்புறம் என்றான். "மண்டபத்துல பேசிக்கலாம் சாமி" என்றார் தெய்வானை.

துணிப்பெட்டி தூக்க ஆள் வேண்டுமே என்று நான்தான் காரில் அழைத்துப் போனேன். ரயிலிலிருந்து இறங்கும்போது விழுந்துவிட்டாள் என்று உறவுக்காரர்கள் மண்டபம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்கள். சீர் தொடங்கியது. சென்னியப்பன் கக்கத்தில் சேலை முனை இருந்தது. தெய்வானை மறுமுனையை இடது கையில் பிடித்தார். பெண்ணின் பெரியம்மா முகம் சுளித்து, "சீருக்கு எடக்கை ஆகாது கண்ணு. வலக்கைக்கு என்னாச்சு? ரயிலுல உழுந்தியாமா?" என்று கேட்டார்.

"உழுவலீங்க பெரிம்மா. இதா நிக்கறானே மாப்பள, இவன் ராடுல அடிச்சு ஒடிச்ச கை" என்றார் தெய்வானை.

குரலை உயர்த்தவில்லை. ஆனால் கடைசி வரிசைவரை கேட்டது. நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார். சென்னியப்பனின் வலது தோள் துடித்தது. கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு, அப்பா பெல்ட்டை எடுக்கும்போது இல்லாத கோபமெல்லாம் அவன் முகத்தில் வந்தது. ஆனால் கையை ஓங்கினால் கக்கத்துச் சேலை தரையில் விழும். ஊரே பார்க்கும். கை உடம்போடு ஒட்டியபடியே நடுங்கியது.

"எடு சாமி. கைய எடு பாக்கலாம்" என்றார் தெய்வானை, அவனுக்கும் பக்கத்தில் நின்ற சிலருக்கும் மட்டும் கேட்கும்படியாக.

அந்த இடத்தை, அந்த நேரத்தை அவர் தேர்ந்தெடுத்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆட்களை எங்கே நிறுத்தினால் என்ன நடக்கும் என்று தெரிந்த இயக்குநர் அவர். பெண்ணின் அப்பா, முகூர்த்தம் தப்பிவிடும் என்று அவசரப்பட்டார். கல்யாணத்தை நிறுத்துகிற தைரியம் அங்கே யாருக்கும் இல்லை. அறை வாசலில் மாலையும் கழுத்துமாக நின்ற மணப்பெண் மட்டும் வாய் திறந்தாள். "அக்கா, உங்க மெட்ராஸ் ஊட்டு அட்ரசு எனக்கு வேணுங்க" என்றாள், எல்லாரும் கேட்க. தெய்வானை அங்கேயே, தெரு, கதவு எண் உட்பட, பாடம் ஒப்பிக்கிற மாதிரி இரண்டு முறை சொன்னார். சீர் முடிந்தது. தாலி ஏறியது. சூடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

அடுத்த மாதமே மாவுக்கட்டோடு ஒத்திகைக்குப் போனார். எழுத்து, இயக்கம், நடிப்பு என்று மூன்று இடத்திலும் அவர் பெயரே வந்தது. தம்பி வீட்டு வாசலில் பெட்டி வைத்து அவற்றையும் ஊர் பார்த்ததாகத்தான் கேள்வி. பல வருஷம் கழித்து, தம்பி பெண்டாட்டி அந்த அட்ரசுக்கு வர வேண்டியிருந்ததா என்று கேட்டேன். "ஒருக்கா வந்தா. நான் கூட்டிட்டுப் போயி உட்டுட்டு வந்தேன். அப்பறம் அவன் கை ஓங்கல. திருந்திட்டான்னு சொல்லலீங்க செட்டுக்காரரே, பயந்துட்டான். எனக்கு அது போதும்" என்றார். கலையைப் பற்றி நிறையப் பேர் அவரிடம் உயர்வாகப் பேசிக் கேட்டிருக்கிறேன். அவர் தன் வேலையைப் பற்றிச் சொல்லி நான் கேட்டது இவ்வளவுதான்.

அவருடைய நாடகங்களில் ஒன்றுகூட இன்று பார்க்கக் கிடைக்கவில்லை. தேடியவர்கள் தேடிப் பார்த்துவிட்டார்கள். ஆகவே அவர் கலையை நான் காப்பாற்றி வைத்திருக்கிறேன் என்று பொய் சொல்ல மாட்டேன். சாவுக்குப் போய் வந்த மறுநாள், என் கடையில் பில் போடும் பெண் ஒரு கண் வீங்கி, மூடிப்போய் வந்தாள். படியில் விழுந்துவிட்டேன் என்றாள். நான் வியாபாரி. கூட்ட நேரத்தில் ஆள் இல்லாமல் போனால் கஷ்டம். வீட்டு விவகாரத்தில் தலையிட்டால் புருஷன்மார் கடைக்கே வருவார்கள், அதையும் பார்த்தவன். முன்பெல்லாம் மருந்து போட்டுக்கொள் என்று சொல்லி அனுப்பியிருப்பேன். இந்த முறை அவளை உட்காரவைத்து, முகத்தை நேராகப் பார்த்து, "எந்தப் படிம்மா?" என்று கேட்டேன். பில் புத்தகத்தை மூடி வைத்தாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். தெய்வானையிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கேள்வி.